கடிகாரம் எங்கே போச்சு? பழங்குடி மக்களின் பழைய போட்டோக்கள் மறைத்த கதை!

ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ. எடுக்கப்பட்ட ஆண்டு 1910. அமெரிக்கப் பூர்வகுடிகளில் ஒரு பிரிவினரான பீகன் மக்களின் கூடாரம் அது. உள்ளே அப்பாவும் மகனும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பாவின் பெயர் லிட்டில் ப்ளூம், மகன் பெயர் யெல்லோ கிட்னி. அவர்களைச் சுற்றி அவர்களுடைய பொருள்கள். ரெண்டு பேருக்கும் நடுவில், நல்லா கண்ணில் படுகிற மாதிரி ஒரு கடிகாரம்!

இது ஒரிஜினல் நெகட்டிவில் இருக்கும் காட்சி. அடுத்த வருஷம் இதே படம் புத்தகத்தில் அச்சாகி வந்தது. அப்பா இருக்கிறார், மகன் இருக்கிறார், கூடாரம் இருக்கிறது. கடிகாரத்தை மட்டும் காணோம்.

போட்டோஷாப் வருவதற்கு பல பத்தாண்டுகளுக்கு முன்னாலேயே யாரோ உட்கார்ந்து, ரொம்பப் பொறுமையாக அந்தக் கடிகாரத்தை ரீடச் செய்து தூக்கியிருக்கிறார்கள்.

'சின்ன கடிகாரம்தானே, இதுல என்ன பெரிய விஷயம்?' என்று தோன்றலாம். இன்றைக்கும் இன்ஸ்டாகிராமில் 'உலகின் கடைசிப் பழங்குடி' என்று வருகிற போட்டோக்களை எப்படிப் பார்ப்பது என்ற கேள்விக்கு, அந்தக் கடிகாரத்தில்தான் பதில் இருக்கிறது. கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம், வாங்க.

யார் இந்த கர்ட்டிஸ்?

அந்தப் படத்தை எடுத்தவர் எட்வர்ட் கர்ட்டிஸ். 1868-ல் பிறந்தவர். சியாட்டில் நகரத்தில் ஸ்டூடியோ வைத்து, பணக்காரர்களுக்கு போர்ட்ரெய்ட் எடுத்துப் பேர் வாங்கியவர்.

அவர் எடுத்த முதல் பூர்வகுடி போர்ட்ரெய்ட்களில் ஒன்று, சியாட்டிலில் வாழ்ந்த ஒரு பாட்டியுடையது. அவர் பெயர் கிகிசோப்லு. வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் 'பிரின்சஸ் ஏஞ்சலின்'. சியாட்டில் என்ற நகரத்துக்கே பெயர் தந்த தலைவரின் மகள் அவர். ஆனால், 1865-லேயே அந்த ஊர் நிர்வாகம், பூர்வகுடிகள் ஊருக்குள் குடியிருக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. அப்பா பேரில் ஊர், அந்த ஊரில் மகளுக்கு இடமில்லை! அவர் போக மறுத்து அங்கேயே ஒரு குடிசையில் இருந்தார். துணி துவைத்தும், கடற்கரையில் சிப்பி தோண்டியும் பிழைத்தார். போட்டோவுக்கு நின்றால் ஒரு படத்துக்கு ஒரு டாலர் கொடுத்ததாக கர்ட்டிஸ் பின்னாளில் சொன்னார். 1896-ல் கிகிசோப்லு இறந்துபோனார்.

அதற்குப் பிறகு கர்ட்டிஸுக்கு ஒரு பெரிய கனவு வந்தது. 'பூர்வகுடி மக்கள் சீக்கிரமே மறைந்துவிடுவார்கள். அதற்குள் எல்லாவற்றையும் படமெடுத்துவிட வேண்டும்.' 1906-ல் அன்றைய பெரும் வங்கி முதலாளி ஜே.பி.மோர்கன் இதற்காக 75,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார். அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் முன்னுரை எழுதினார். 1907-ல் தொடங்கி 1930 வரை 20 தொகுதிகள் வெளியாயின. 80-க்கும் மேற்பட்ட இனங்கள், சுமார் 40,000 படங்கள். கூடவே மெழுகு உருளைகளில் பதிவு செய்த பாட்டுகளும் பேச்சும் ஆயிரக்கணக்கில். ஒரு மனுஷன் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை இது. அதில் சந்தேகமே இல்லை.

சிக்கல், 'மறைந்துவிடுவார்கள்' என்ற அந்த ஒற்றை வார்த்தையில்தான் ஆரம்பிக்கிறது.

முதுகைக் காட்டிய குதிரைகள்

கர்ட்டிஸ் 1904-ல் எடுத்த ஒரு படம் ரொம்பப் பிரபலம். நவாஹோ மக்கள் குதிரைகளில் வரிசையாக, முதுகைக் காட்டியபடி இருட்டுக்குள் போய்க்கொண்டிருப்பார்கள். படத்துக்கு அவர் வைத்த தலைப்பு 'மறையும் இனம்'. தலைப்பை எடுத்துவிட்டுப் பாருங்கள். சில பேர் குதிரையில் எங்கேயோ போகிறார்கள், அவ்வளவுதான். சந்தைக்கோ, சொந்தக்காரர் வீட்டுக்கோகூட போயிருக்கலாம். தலைப்பைப் படித்ததும் ஒரு இனமே செத்துக்கொண்டிருப்பது மாதிரி மனசு கனத்துவிடும்.

இப்போது கடிகாரத்துக்கு வருவோம். மறையப்போகிற 'ஆதி மனிதர்' வீட்டில் கடிகாரம் இருந்தால் கதை இடிக்கும் இல்லையா? கடிகாரம் வாங்கியவர் மணி பார்க்கிறார் என்று அர்த்தம். நம்மைப் போலவே அந்த வருஷத்தில்தான் அவரும் வாழ்கிறார் என்று அர்த்தம். கர்ட்டிஸின் புத்தகத்தை வாங்கியவர்களும் நூலகங்களும் ஆயிரக்கணக்கில் டாலர் கொட்டியது, தங்களைப் போன்ற ஆட்களைப் பார்ப்பதற்காக இல்லை. அவர்களுக்குத் தேவை, காலத்தில் உறைந்துபோன ஒரு மனிதர். அதனால் கடிகாரத்தின் கதை முடிந்தது.

இது ஒரே ஒரு படத்தோடு நிற்கவில்லை. 1907-ல் அவர் எடுத்த படம் ஒன்றில் ஒக்லாலா இன வீரர்கள் குதிரையேறிப் போருக்குப் புறப்படுவார்கள். ஆனால், 1907-ல் அவர்களுக்குப் போரே கிடையாது. அரசு ஒதுக்கிய எல்லைக்குள் அடைக்கப்பட்டு பல வருஷம் ஆகியிருந்தது. இளம் வயதில் போர் பார்த்த பெரியவர்கள் கேமராவுக்காக அதைத் திரும்ப நடித்துக் காட்டினார்கள். சில இடங்களில் கர்ட்டிஸ் விக்கும் உடையும் கொண்டுபோய்க் கொடுத்துப் படமெடுத்திருக்கிறார் என்பதை, 1982-ல் கிறிஸ்டோபர் லைமன் தன் புத்தகத்தில் விரிவாக எடுத்துவைத்தார்.

ஃப்ரேமுக்கு வெளியே நடந்தது என்ன?

'பாவம், அழியப்போறாங்க' என்று உச் கொட்டும்போது, 'யார் அழிச்சாங்க?' என்ற கேள்வி நைசாக நழுவிவிடும். கர்ட்டிஸ் படங்களில் பெரும்பாலும் இல்லாதது அந்தக் கேள்விதான்.

அந்தக் காலகட்டத்தில் ஃப்ரேமுக்கு வெளியே நடந்தவற்றைப் பாருங்கள். 1883-ல் கொண்டுவரப்பட்ட விதிகளால் சூரிய நடனம் போன்ற சடங்குகள் தண்டனைக்குரியவை ஆயின. நிலம் பறிபோனது. பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே முடியை வெட்டி, தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். அமெரிக்காவின் பூர்வகுடிகள் எல்லோருக்கும் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்ததே 1924-ல்தான்!

அந்த விடுதிப் பள்ளிகளும் கேமராவைப் பயன்படுத்தின. பென்சில்வேனியாவில் 1879-ல் தொடங்கிய கார்லைல் பள்ளி இதில் ரொம்பப் பிரபலம். மாணவர் வந்து சேரும்போது ஒரு போட்டோ, சில வருஷம் கழித்து ஒரு போட்டோ. டாம் டோர்லினோ என்ற நவாஹோ இளைஞரின் ஜோடிப் படம் இன்றைக்கும் இணையத்தில் சுற்றுகிறது. முதல் படத்தில் நீண்ட தலைமுடி, காதணி, கழுத்தில் மாலை. அடுத்ததில் கிராப்பு வெட்டிய தலை, கோட்டு, டை. ரெண்டாவது படத்தில் அவர் தோலின் நிறம்கூட வெளுத்துத் தெரியும். வெளிச்சமும் ஸ்டூடியோ வேலையும் செய்த மாயம் அது. இந்த 'பிஃபோர் ஆஃப்டர்' படங்களைக் காட்டித்தான் பள்ளி தன் பெருமையைச் சொல்லி ஆதரவு திரட்டியது.

யோசித்துப் பார்த்தால் வினோதமாக இருக்கிறது. ஒரே காலம், ஒரே மக்கள். கார்லைலின் கேமரா, 'பார், இவங்களை எப்படி மாத்திட்டோம்' என்றது. கர்ட்டிஸின் கேமரா, 'பார், இவங்க மாறவே இல்லை' என்றது. தலைமுடி பின்னியிருக்கும், பக்கத்தில் கடிகாரமும் ஓடும் என்ற சாதாரண நிஜத்துக்கு ரெண்டிலுமே இடமில்லை.

'மறையும் இனம்' உண்மையில் மறைந்ததா? 1900-ம் ஆண்டு கணக்கெடுப்பில் அமெரிக்காவில் பூர்வகுடிகள் சுமார் 2,37,000 பேர்தான். 2020 கணக்கெடுப்பில் தங்களைப் பூர்வகுடி என்றோ, பூர்வகுடி வழி வந்தவர்களும்கூட என்றோ பதிந்தவர்கள் சுமார் 97 லட்சம் பேர். கணக்கெடுக்கும் முறை மாறியதும் இந்த ஏற்றத்துக்கு ஒரு காரணம்தான். எப்படிப் பார்த்தாலும், யாரும் மறையவில்லை.

அப்போ எல்லாமே பொய்யா?

இல்லை. இங்கேதான் கதையில் ட்விஸ்ட்.

1914-ல் கர்ட்டிஸ் ஒரு முழுநீளப் படமே எடுத்தார். கனடாவின் மேற்குக் கடற்கரையில் வாழும் க்வாக்வகவக்வ் மக்கள்தான் நடிகர்கள். பழைய காலம் மாதிரித் தெரிய விக், மரப்பட்டை உடை என்று எல்லாம் போட்டார்கள். அதாவது, இதுவும் செட்டப்தான். ஆனால், அப்போது கனடாவில் அந்த மக்களின் 'பாட்லாட்ச்' விழாவுக்குச் சட்டப்படி தடை இருந்தது. 1885 முதல் 1951 வரை அமலில் இருந்த தடை அது. விழாவுக்கு ஆடினால் குற்றம். சினிமாவுக்கு ஆடினால்? 'நடிக்கிறோம் சார்' என்று சொல்லிக்கொண்டு அவர்கள் தங்கள் நடனங்களை ஆடினார்கள். பிள்ளைகள் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். உடைகளும் முகமூடிகளும் புதிதாகத் தயாராயின.

கேமராமேன் தன் கதையை எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கேமராவுக்கு முன்னால் நின்றவர்கள் தங்கள் வேலையை முடித்துக்கொண்டார்கள். 2008-ல் அந்தப் படத்தைச் சீரமைத்துத் திரையிட்டபோது, அதில் நடித்தவர்களின் வழிவந்தவர்கள் அதே மேடையில் நேரில் ஆடினார்கள்.

கர்ட்டிஸ் படங்களுக்கும் இப்படி இன்னொரு வாழ்க்கை இருக்கிறது. தாத்தா பாட்டியின் முகத்தை முதன்முதலாக அந்தத் தொகுதிகளில் பார்த்த பேரன் பேத்திகள் நிறைய. பழைய பாட்டுகளைத் திரும்பக் கற்கவும் மெழுகு உருளைப் பதிவுகள் உதவுகின்றன. நமக்கு அது ஒரு 'பூர்வகுடி' படம். அவர்களுக்கு அது குடும்ப ஆல்பம்.

அதனால் இந்தப் படங்களைக் கிழித்துப் போட வேண்டியதில்லை. கடிகாரம் இருந்தது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் போதும்.

கேமரா கை மாறியபோது

அதே பூர்வகுடிகளில் ஒருவர் கேமராவைத் தூக்கினால் படம் எப்படி இருக்கும்? ஓக்லஹோமாவைச் சேர்ந்த கயோவா இனத்தவர் ஹொரஸ் பூலா. 1906-ல் பிறந்து, பல பத்தாண்டுகள் தன் ஊர் மக்களைப் படமெடுத்தவர். கல்யாணம், இறுதி ஊர்வலம், ராணுவத்திலிருந்து லீவில் வந்த பையன்கள், கார் மேல் உட்கார்ந்து ஊர்வலம் போகும் பெண்கள் என்று எல்லாம் இருக்கும்.

1944 வாக்கில் வந்த ஒரு படம் மறக்க முடியாதது. ரெண்டாம் உலகப் போர் காலம். பி-17 குண்டுவீச்சு விமானத்துக்குள் ரெண்டு கயோவா வீரர்கள். ஒருவர் பூலாவேதான். அவர் கையில் கேமரா, இன்னொருவர் கையில் துப்பாக்கி. ரெண்டு பேர் தலையிலும் கழுகு இறகு வைத்த பாரம்பரியத் தலையணி!

லிட்டில் ப்ளூமின் கடிகாரத்தை அழித்த அந்த ரீடச்காரர் கையில் இந்தப் படம் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார்? ஒன்று இறகை அழிக்கணும், இல்லை விமானத்தை அழிக்கணும். பூலாவுக்கு அந்தக் குழப்பமே இல்லை. ரெண்டும் அவருடையது.

நம் காலத்துக்கு வந்தால், ஸ்வினோமிஷ், துலாலிப் இனங்களைச் சேர்ந்த மட்டிகா வில்பர். 2012-ல் சியாட்டிலில் தன் அப்பார்ட்மென்ட்டில் இருந்த பொருள்களை விற்றுவிட்டுக் கிளம்பினார். அப்போது அமெரிக்க அரசு அங்கீகரித்திருந்த பூர்வகுடி இனங்களின் எண்ணிக்கை 562 என்பதால், தன் திட்டத்துக்கு 'ப்ராஜெக்ட் 562' என்று பெயர் வைத்தார். 2023-ல் புத்தகமாகவும் வந்தது. அவருடைய வழி ரொம்ப சிம்பிள். எங்கே நிற்பது, என்ன போடுவது, எப்படித் தெரிய வேண்டும் என்பதைப் படத்தில் இருப்பவரே முடிவு செய்வார். பெயரும் இருக்கும், அவர் சொன்ன கதையும் இருக்கும்.

நம்ம ஊரிலும் நடந்ததுதான்

இதெல்லாம் அமெரிக்கா கதை என்று நினைக்க வேண்டாம். காலனி அரசுகள் கேமராவைக் கொண்டுபோன இடமெல்லாம் இதேதான். 1869-ல் ஜான் லாம்ப்ரே என்ற ஆங்கிலேயர் ஒரு யோசனை சொன்னார். கட்டம் கட்டமாக நூல் கட்டிய திரைக்கு முன்னால் ஆளை நிற்கவைத்துப் படமெடுத்தால், உடம்பை அளந்து ஒப்பிடலாம் என்பதுதான் அது. கிராஃப் பேப்பரில் வைத்த பொருள் மாதிரி மனிதர்கள்.

இந்தியாவில் 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்ற தலைப்பில் 8 தொகுதிகளை பிரிட்டிஷ் அரசு வெளியிட்டது. சாதி வாரியாக, இனம் வாரியாகப் படங்கள். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக 1885-லிருந்து இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் மூக்கையும் தலையையும் அளந்து குறித்தவர். 1909-ல் அவர் வெளியிட்ட, தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய 7 தொகுதிகளில் நீலகிரியின் தோடர்கள் உள்பட ஏராளமானவர்களின் படங்கள் இருக்கின்றன. பல படங்களுக்குக் கீழே இனத்தின் பெயர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. இன்றைக்கும் ஆய்வாளர்கள் புரட்டும் நூல் அது. அதே சமயம், ஒரு மனிதரைப் பெயரில்லாத 'மாதிரி'யாக மாற்றுவது எப்படி என்பதற்கும் அதுவே உதாரணம்.

தோடர்கள் அந்தப் பக்கங்களிலேயே நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களின் சிவப்பு கறுப்பு எம்பிராய்டரிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அந்தமானில் இதைவிட மோசம். காட்டை ஊடுருவிப் போகும் நெடுஞ்சாலையில் வண்டியில் போகிறவர்கள் ஜாரவா மக்களைப் படமெடுப்பது வழக்கமாக இருந்தது. 2012 ஜனவரியில் பிரிட்டன் பத்திரிகை ஒன்று வெளியிட்ட வீடியோ, நாட்டையே தலைகுனிய வைத்தது. சாப்பாடு தருவதாகச் சொல்லி ஜாரவா பெண்களை ஆடவைத்துப் படமெடுத்திருந்தார்கள். அந்தமான் பழங்குடிகளைப் பாதுகாக்க 1956-லேயே ஒழுங்குமுறைச் சட்டம் உண்டு. அது 2012-ல் கடுமையாக்கப்பட்டது. அவர்களைப் படமோ வீடியோவோ எடுத்தால் ஜெயிலுக்குப் போக வேண்டிவரும். 'தூரத்திலிருந்து ஒரே ஒரு க்ளிக்' என்பதெல்லாம் செல்லாது.

உங்கள் கையில் இருப்பதும் கேமராதான்

கர்ட்டிஸுக்குக் கேமராவைச் சுமக்க ஆளும் குதிரையும் தேவைப்பட்டது. நமக்குப் பாக்கெட்டில் இருக்கிறது. மலைக்கிராமத்துக்கு ட்ரிப் போகும்போதும், பழைய படத்தை ஷேர் செய்யும்போதும் சில கேள்விகளை மனசில் வைத்துக்கொள்ளலாம்.

* கேட்டுட்டு எடுத்தோமா? கேமராவைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பது கேட்பது ஆகாது. எதற்கு எடுக்கிறோம், எங்கே போடுவோம் என்று சொல்லிக் கேட்க வேண்டும். 'வேணாம்' என்றால் வேணாம்தான். குழந்தை என்றால் பெற்றோரிடம் கேட்க வேண்டும்.

* எதை ஃப்ரேமிலிருந்து தள்ளுகிறோம்? பாட்டி கையில் செல்போன், வீட்டு மேல் டிஷ் ஆன்டெனா, வாசலில் நிற்கும் பைக்... 'படம் கெட்டுப்போகுது' என்று அவற்றை ஒதுக்கும்போது நாமும் கடிகாரத்தை அழிக்கிறோம்.

* கேப்ஷன் என்ன சொல்கிறது? 'அழிந்துவரும்', 'நாகரிகம் தீண்டாத', 'வெள்ளந்தி மனிதர்கள்' போன்ற வார்த்தைகள் வந்தால் உஷார். அவர்கள் காட்டு உரிமைக்கும், சாலைக்கும், பள்ளிக்கூடத்துக்கும் மனு கொடுத்துக்கொண்டிருக்கலாம். அந்தச் செய்தி படத்தில் வராது.

* அவர்களுக்கு என்ன திரும்பப் போனது? ஒரு பிரின்ட் போட்டு அனுப்பலாம். அவர்கள் போனுக்கே படத்தை அனுப்பலாம். அந்தப் படத்தால் காசோ பரிசோ வந்தால், அதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

* பெயர் தெரியுமா? அவர்கள் சம்மதித்தால், 'பழங்குடிப் பெண்' என்பதற்குப் பதில் அவர் பெயரைப் போடுங்கள். பழைய படத்தை ஷேர் செய்கிறீர்களா? படத்தில் இருப்பவர் யார் என்று ரெண்டு நிமிஷம் தேடிப் பாருங்கள்.

அப்படித் தேடினால் சில நேரம் ஆச்சர்யங்கள் கிடைக்கும். தலையில் முக்காடு, கையில் தடி, சுருக்கம் விழுந்த முகத்தோடு ஒரு பாட்டியின் படம் 'பிரின்சஸ் ஏஞ்சலின்' என்ற பெயரில் உங்கள் ஃபீடில் என்றைக்காவது வரலாம். இளவரசி இல்லை அவர். ஊரைவிட்டுப் போகச் சொன்ன பிறகும் போகாமல், சொந்த மண்ணிலேயே கடைசிவரை வாழ்ந்து முடித்தவர். பெயர், கிகிசோப்லு.